பைக்கில் ஒரு பிளக் பாயின்ட்!

ஞாயிற்றுக்கிழமை காலையில் கடலூர் - சிதம்பரம் சாலையில் ஐந்து நிமிஷம் நின்று பாருங்கள். விண்வெளிக்குக் கிளம்பியவர்கள் மாதிரி ஹெல்மெட், முட்டிக்குக் கவசம், வண்டியின் இரண்டு பக்கமும் பெட்டி சகிதம் இளவட்டங்கள் பிச்சாவரம் பார்க்கப் பறந்துகொண்டிருப்பார்கள். ஹேண்டில்பாரில் செல்போன். அதில் ஓர் அம்மணி வழி சொல்லிக்கொண்டே வருவார். சென்னையிலிருந்து வெயிலில் மேப்பை ஓடவிட்டு வந்த போன், புதுச்சத்திரம் தாண்டுவதற்குள் மூச்சை விட்டுவிடும். அப்புறம் என்ன... டீக்கடையில் வண்டியை நிறுத்தி, "அண்ணே, சார்ஜ் போட பாயின்ட் இருக்கா?" என்கிற பழைய கதைதான்!

இதற்கு மருந்து, பைக்கிலேயே ஒரு பிளக் பாயின்ட். 2020-ல் வந்த ராயல் என்ஃபீல்டு மீட்டியார் 350-ல் கம்பெனியே யு.எஸ்.பி. பாயின்ட் வைத்துக் கொடுத்துவிட்டது. பழைய வண்டிக்காரர்கள் நாமாக மாட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

'இதெல்லாம் சொகுசு சார்' என்பவர்கள் எங்கள் ஊர்க்காரர்களாக இருக்க முடியாது. 2011 டிசம்பர் 30 விடியற்காலை, 'தானே' புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. மின்கம்பங்கள் தீக்குச்சியாக ஒடிந்து கிடந்தன. ஊருக்கெல்லாம் கரண்ட் அனுப்பும் நெய்வேலி எங்கள் மாவட்டத்தில்தான் இருக்கிறது. எங்கள் தெருவிலோ நாள் கணக்கில் இருட்டு! 'உயிரோட இருக்கோம்பா' என்று வெளியூர் மகனுக்குச் சொல்ல ஒரு போன் போட வழியில்லை. வாசலில் வரிசையாக பைக்குகள் நின்றன. டேங்கில் பெட்ரோல் இருந்தது, பேட்டரி இருந்தது. கரண்ட்டை வெளியே எடுக்க ஓர் ஓட்டைதான் இல்லை! 2024-ல் ஃபெஞ்சல் புயலை ஒட்டி தென்பெண்ணை ஊருக்குள் புகுந்தபோதும் இதே தவிப்புதான்.

சரி, வண்டி தாங்குமா? நான் பி.காம். எனக்கு எதுவுமே வரவு-செலவுக் கணக்காகத்தான் புரியும். ஆல்டர்னேட்டர், மாதச் சம்பளம். பேட்டரி, சேமிப்புக் கணக்கு. ஹெட்லைட், பெட்ரோல் பம்ப், ஸ்பார்க் எல்லாம் வீட்டு வாடகை மாதிரி நிரந்தரச் செலவு. 2017 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் ஹெட்லைட்டை அணைக்கவும் முடியாது. பெரிய ஹாலஜன் பல்பு என்றால் 55, 60 வாட் அதற்கே போய்விடும். மிச்சத்தில்தான் நம் பிளக் பாயின்ட். போனுக்கு வேண்டியது 5 வோல்ட், 2 ஆம்பியர். ஆக 10 வாட். அந்தக்கால ஜீரோ வாட் பல்பே இதைவிட அதிகம் சாப்பிடும்! சம்பளம் தாராளமாகத் தாங்கும்.

இன்ஜினை அணைத்துவிட்டு சார்ஜ் போடும்போதுதான் வம்பு. அது சேமிப்பில் கைவைப்பது. 12 வோல்ட், 9 ஆம்பியர்-அவர் பேட்டரியின் மொத்த இருப்பு 108 வாட்-அவர். 5,000 எம்.ஏ.ஹெச். போன் ஒன்று, சேதாரம் சேர்த்து, 20-லிருந்து 25 வரை விழுங்கும். மூன்று போன் போட்டுப் பாருங்கள்... மறுநாள் காலை ஸ்டார்ட்டர் 'டிக்... டிக்...' என்று உச்சுக் கொட்டும். கிக்கர் இல்லாத வண்டியென்றால் தள்ளுவதற்கு நாலு பேர் வேண்டும்!

அடுத்தது வயரிங். மஞ்சக்குப்பத்தில் எனக்குத் தெரிந்த எலெக்ட்ரீஷியன் அண்ணன் ஒருவரிடம் கேட்டேன்: "ஹெட்லைட் வயர்லயே ஒரு ஜாயின்ட் போட்டா அஞ்சு நிமிஷ வேலைங்கிறாங்களே?"

"தம்பி, அதுக்குப் பேரு ஜாயின்ட் இல்ல... கொக்கி! திருவிழா சீரியல் லைட்டுக்கு கம்பத்துல போடுவாங்களே, அது."

பிறகு அவர் பாடமே நடத்திவிட்டார். முதலில் பேட்டரியின் மைனஸைக் கழற்றிவிட்டுத்தான் வேலையையே தொடங்க வேண்டும். பேட்டரியின் பிளஸ்ஸிலிருந்து தனி வயர். கிளம்பின இடத்திலிருந்து ஒரு சாணுக்குள் ஃப்யூஸ். அடுத்து ஒரு ரிலே. சாவி போட்டால் மட்டும் கரண்ட் போகட்டும், இல்லாவிட்டால் நிற்கிற வண்டியில் பேட்டரி சொட்டுச் சொட்டாக வடிந்துவிடும். மைனஸ் வயரும் பேட்டரிக்கே திரும்பணும். ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்துப் பார்த்து, வயர் இழுபடாமல் கட்டணும். எங்கள் ஊர் உப்புக்காற்றில் செம்பு பச்சை பூத்துவிடும் என்பதால் பாயின்ட்டுக்கு ரப்பர் மூடி கட்டாயம்.

"ஃப்யூஸ் இவ்வளவு முக்கியமாண்ணே?"

"அது உன் போனைக் காப்பாத்த இல்ல தம்பி, வயரைக் காப்பாத்த. ஃப்ரேம்ல உரசி உரசி வயர் தோல் கிழிஞ்சா, பேட்டரி மொத்தக் கரண்ட்டையும் அதுல கொட்டும். வயர் பழுத்துடும். அதுக்கு மேல என்ன இருக்கு, சொல்லு?"

பெட்ரோல் டேங்க்! எனக்கு ஏ.சி. இல்லாமலே குளிர்ந்தது.

போனுக்கு 3 அல்லது 5 ஆம்பியர் ஃப்யூஸ் போதும். அது போய்விட்டால் சிகரெட் பாக்கெட் ஜிகினாத்தாளைச் சுற்றி மாட்டும் விஞ்ஞானிகள் தயவுசெய்து தள்ளி நிற்கவும். டயருக்குக் காற்றடிக்கும் பம்ப் 10 ஆம்பியர் வரை கேட்கும். அதை இந்தப் பாயின்ட்டில் சொருகக் கூடாது. அதற்குத் தடித்த வயர், தனி ஃப்யூஸ்.

வங்கக் கடல் புயல்களுக்குப் பெயர்ப் பட்டியல் எப்போதும் தயாராகவே இருக்கிறது. ஐப்பசி பிறப்பதற்குள் நாமும் இந்த வேலையை முடித்துவிட்டால், அடுத்த இருட்டில் தெருவே உங்கள் வண்டியைத் தேடி வரும். சார்ஜ் ஏறும்வரை இன்ஜின் ஓடட்டும். வண்டி வெட்டவெளியில் நிற்கட்டும், மூடிய ஷெட்டுக்குள் அந்தப் புகை எமன்.

பெட்ரோலுக்குக் காசு கேட்பதா, வேண்டாமா? அது உங்களுக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் உள்ள வரவு-செலவு!