சூடான தேசத்தில் உறைகுளிர் இறங்கும்போது



குளிர் என்றதும் எமக்கு நினைவுக்கு வருவது நுவரெலியாதான். ஜனவரி, பெப்ரவரி மாதங்களின் அதிகாலையில் அங்குள்ள புற்றரைகளில் வெண்மையாகப் படியும் உறைபனியைக் காண்பதற்கென்றே வேன் பிடித்துச் செல்லும் குடும்பங்களும் எம்மிடையே உள்ளன. ஆனால் இங்கு நாம் பேசவிருப்பது, தேடிச் சென்று பார்க்கும் குளிரைப் பற்றியல்ல. ஆண்டின் பெரும்பகுதியும் வெயிலில் காயும் ஒரு பிரதேசத்தில், மக்கள் எதிர்பாராத ஓர் இரவில், நீரைக் கல்லாக்கும் குளிர் இறங்கினால் என்ன நடக்கும் என்பதைப் பற்றியாகும்.

இது எமக்கு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். படிப்புக்காகவும் தொழிலுக்காகவும் எமது பிள்ளைகள் கடல் கடந்து செல்லும் காலம் இது. கனடாவுக்குச் செல்லும் பிள்ளைக்குத் தாய் கம்பளி உடை வாங்கிக் கொடுக்கிறாள். வெப்பமான ஊர் என்று கேள்விப்பட்ட இடத்துக்குச் செல்லும் பிள்ளைக்கு யாரும் எதையும் வாங்கிக் கொடுப்பதுமில்லை, எதையும் சொல்லிக் கொடுப்பதுமில்லை. ஆபத்து இருப்பதோ இந்த இரண்டாவது பிள்ளைக்குத்தான். ஏனெனில் குளிர் பிரதேசத்தில் வீடு, வீதி, கடை, பாடசாலை யாவும் குளிருக்காகவே அமைக்கப்பட்டிருக்கும். வெப்ப பிரதேசத்தில் அனைத்தும் வெப்பத்துக்காக அமைக்கப்பட்டிருக்கும்.

அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்தை எடுத்துக்கொள்வோம். கோடை காலத்தில் 40 பாகை செல்சியஸைத் தொடும் வெப்பம் அங்கு வழமையானது. அத்தகைய மாநிலத்தில் 2021ஆம் ஆண்டு பெப்ரவரி நடுப்பகுதியில் வடதுருவக் காற்று இறங்கியது. 16ஆம் திகதி டலஸ் நகரப் பகுதியில் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே 19 பாகை வரை வீழ்ந்தது. கடலோர நகரமான ஹூஸ்டனிலும் அது பூச்சியத்துக்குக் கீழே 10 பாகையைத் தாண்டிச் சென்றது. கரையோர நீர் குளிர்ந்ததால் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கடலாமைகள் அசைவற்று மிதந்தன; மக்கள் அவற்றை வாகனங்களில் ஏற்றிச் சென்று மண்டபங்களில் அடுக்கிக் காப்பாற்றினர்.

மனிதர்களின் நிலை என்ன? அங்கு பாதிக்கும் மேற்பட்ட வீடுகளைச் சூடாக்குவது மின்சாரம். எல்லோரும் ஒரே இரவில் சூடாக்கிகளை இயக்கினர். அதே இரவில் எரிவாயுக் கிணறுகளும் குழாய்களும் மின் நிலையங்களின் கருவிகளும் உறைந்தன. காற்றாலைகளிலும் பனி படிந்தது. ஆயினும் பெரிய இழப்பு எரிவாயு நிலையங்களில்தான் ஏற்பட்டது. எரிவாயுவை எடுப்பதற்கு மின்சாரம் தேவை, மின்சாரத்தை உற்பத்தி செய்வதற்கு எரிவாயு தேவை. மின்துண்டிப்புத் தொடங்கியபோது சில எரிவாயு நிலையங்களுக்கான மின்சாரமும் சேர்த்துத் துண்டிக்கப்பட்டது. ஒன்று மற்றொன்றை இழுத்து வீழ்த்தியது. 15ஆம் திகதி அதிகாலையில் மாநிலத்தின் மின்வலையமைப்பு முற்றாகச் செயலிழப்பதற்கு 4 நிமிடங்களும் 37 செக்கன்களுமே எஞ்சியிருந்தன எனப் பின்னர் தெரியவந்தது. அதைத் தடுப்பதற்காகத்தான் பகுதி பகுதியாக மின்சாரத்தைத் துண்டித்தனர். 45 இலட்சத்துக்கும் அதிகமான வீடுகளும் வர்த்தக நிலையங்களும் இருளில் மூழ்கின. சிலருக்கு அது சில மணி நேரம், சிலருக்குப் பல நாட்கள். மாநில சுகாதாரத் திணைக்களத்தின் இறுதிக் கணக்கின்படி 246 பேர் உயிரிழந்தனர். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினரின் உயிரைப் பறித்தது குளிரே.

இந்த அனர்த்தம் முன்னறிவிப்பின்றி வந்ததா? இல்லை. பத்து ஆண்டுகளுக்கு முன்னர், 2011 பெப்ரவரியிலும் இதே மாநிலத்தில் குளிரினால் மின் நிலையங்கள் நின்றன. குளிரைத் தாங்கும் வகையில் கருவிகளுக்குக் காப்பு உறையிடுமாறு அப்போதே மத்திய அரசின் அறிக்கை பரிந்துரைத்தது. அது கட்டாயமாக்கப்படவில்லை, பெரும்பாலானோர் செலவைப் பார்த்தனர். மேற்கு மூலையில் உள்ள எல் பாசோ நகரத்தின் மின் நிறுவனமோ 2011இன் பின் பணம் செலவிட்டுத் தன் நிலையங்களைச் சீர்செய்தது. அந்நகரம் வேறு மாநிலங்களோடு இணைந்த மின்வலையிலும் இருந்தது. 2021இல் அங்கு மின்சாரம் இழந்தோர் மிகச் சிலரே, அதுவும் குறுகிய நேரத்துக்குத்தான். அங்கு குளிரின் கடுமை சற்றுக் குறைவாக இருந்தது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 2021இலேயே டெக்ஸாஸில் காப்பு ஏற்பாடுகள் சட்டமாக்கப்பட்டன. அதன்பின் 2022 டிசம்பரிலும் 2024 ஜனவரியிலும் வந்த கடுங்குளிரில் அம்மாநில மின்வலை தாக்குப்பிடித்தது. அரசு செய்ய வேண்டியது அது. வீட்டுக்குள் இருப்பவன் செய்ய வேண்டியதைத்தான் நாம் இனிப் பார்க்க வேண்டும்.

முதலில் தண்ணீர். உலகில் பெரும்பாலான பொருட்கள் குளிரும்போது சுருங்குகின்றன; நீரோ உறையும்போது ஏறத்தாழ ஒன்பது சதவீதம் விரிகிறது. குளிர் நாடுகளில் நீர்க்குழாய்களைச் சுவரின் உட்புறத்திலும் நிலத்தின் ஆழத்திலும் பதிப்பார்கள். வெப்ப நாட்டு வீடுகளில் அவை வெளிச்சுவரிலும் கூரைக்குக் கீழும் காப்பின்றி ஓடும். உள்ளே நீர் உறைந்து குழாய் வெடிக்கும். பனி உருகும் நாளில்தான் கூரையிலிருந்து தண்ணீர் கொட்டும். ஒரு கோடிக்கும் அதிகமானோருக்கு அந்த வாரம் டெக்ஸாஸில் குழாய் நீர் ஒன்றில் கிடைக்கவில்லை, அல்லது கொதிக்க வைக்காமல் குடிக்க முடியவில்லை. எனவே குளிர் எச்சரிக்கை வந்தவுடனேயே பாத்திரங்களில் நீரை நிரப்பி வையுங்கள். வெளிக்குழாய்களைத் துணியால் சுற்றுங்கள். ஒரு குழாயை மெல்லிய நூல்போல் ஓட விடுங்கள். வீட்டை விட்டு வெளியேறுவதாயின் பிரதான வால்வை மூடிக் குழாயிலுள்ள நீரை வடித்துவிடுங்கள். வாடகை அறையில் தங்கும் மாணவன் அந்த வால்வு எங்கே இருக்கிறது என்று முதல் நாளே வீட்டுக்காரரிடம் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

அடுத்தது நெருப்பு. இந்தக் கட்டுரையில் ஒரு பந்தியை மட்டும் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுவதாயின் இதையே வாசித்துக் காட்டுங்கள். மின்சாரம் இல்லை, பிள்ளை நடுங்குகிறது. தகப்பன் என்ன செய்வான்? இறைச்சி சுடும் கரியடுப்பை உள்ளே கொண்டு வருவான். வாகனத்தைக் கொட்டிலுக்குள் இயக்கி அதன் சூட்டில் குடும்பத்தை அமர்த்துவான். ஜெனரேட்டரை வாசலில் வைப்பான். அனைத்தும் அன்பினால் செய்யப்படுபவை. அவற்றினாலேயே டெக்ஸாஸில் அந்த நாட்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வைத்தியசாலைகளை நாடினர். 19 பேர் மரணித்தனர். காரணம், காபனோரொட்சைட்டு எனும் நச்சு வாயு. கரி, விறகு, பெற்றோல், எரிவாயு ஆகியவை முழுமையாக எரியாதபோது அது உண்டாகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. கரி தணலாகிப் புகை அடங்கிவிட்டால் ஆபத்து நீங்கிவிட்டது என்று மக்கள் எண்ணுகின்றனர்; உண்மையில் அந்தத் தணலே இவ்வாயுவை அதிகமாக வெளியிடுகிறது. இரத்தத்தில் ஒட்சிசனைச் சுமக்கும் ஈமோகுளோபினோடு இது ஒட்சிசனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பிடிப்புடன் ஒட்டிக்கொள்ளும். தலைவலி, தலைசுற்றல், குமட்டல், அதன்பின் தூக்கம். களைப்பு என்று நினைத்துப் படுத்தவர் எழுவதில்லை. வீட்டில் பலருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி வந்தால் ஐயப்படுங்கள். உடனே வெளியே, திறந்த காற்றுக்கு வாருங்கள், குளிரைப் பொருட்படுத்தாதீர்கள். ஜெனரேட்டரை வீட்டிலிருந்து குறைந்தது இருபது அடி தூரத்தில், யன்னலுக்கு எதிர்த்திசையில் வையுங்கள்.

மதீனாவில் ஓரிரவு வீடொன்று எரிந்து அதிலிருந்தோர் பாதிக்கப்பட்டபோது, நெருப்பு உங்களுக்கு விரோதி, உறங்கச் செல்லும்போது அதை அணைத்துவிடுங்கள் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் ஏவியதாக புகாரி, முஸ்லிம் ஆகிய கிரந்தங்களில் பதிவாகியுள்ளது. எமது பிள்ளைகள் மத்ரஸாவில் இந்த ஹதீஸை மனனம் செய்திருப்பார்கள். டிசம்பர் விடுமுறையில் நுவரெலியா விடுதி அறையில் கதவு யன்னல்களைச் சாத்திவிட்டுக் கரியடுப்பை மூட்டிக் குளிர்காய நினைக்கும் இளைஞர்களுக்கு அது நினைவில் நிற்க வேண்டும்.

இனி உடலைப் பற்றி. உடலின் உள்வெப்பம் 35 பாகைக்குக் கீழே சென்றால் அது ஆபத்தான குளிர்ச்சியாகும். அதற்கு உறைபனிதான் வேண்டும் என்பதில்லை. ஈரமும் காற்றும் போதும். 2022 டிசம்பரில் வங்காள விரிகுடாவில் மாண்டஸ் புயல் நிலைகொண்டிருந்தபோது எமது நாட்டின் வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகளும் ஆடுகளும் இறந்தனவே, நினைவிருக்கிறதா? அங்கு நீர் உறையவில்லை. மழையில் நனைந்து, ஒதுங்க இடமின்றி, குளிர்காற்றில் நின்றவை அவை. மனித உடலுக்கும் இதே விதிதான். ஆகவே நனைந்த உடையை உடனே களைவதே முதலாவது சிகிச்சை. தடித்த ஒரே உடையைவிட, மெல்லிய பல உடைகளை ஒன்றின் மேல் ஒன்றாக அணிவது சிறந்தது. இடையில் தங்கும் காற்றே போர்வையாகிறது. தலை, கழுத்து, காது, பாதம் ஆகியவற்றை மூடுங்கள்.

நடுக்கம் இருக்கும்வரை உடல் போராடுகிறது என்று பொருள். கடுங்குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தவர் நடுக்கம் நின்று, பேச்சுக் குழறி, தடுமாறினால் அது தேறியதன் அடையாளமன்று. வைத்தியரின் உதவி உடனே தேவை. அதுவரை நெஞ்சையும் வயிற்றையும் முதலில் போர்வையாலும் மற்றவரின் உடற்சூட்டாலும் இளஞ்சூடாக்குங்கள். கை கால்களைத் தேய்க்காதீர்கள், கொதிநீரில் அமிழ்த்தாதீர்கள். அங்குள்ள குளிர்ந்த இரத்தம் திடீரென இதயத்துக்குத் திரும்புவது நல்லதல்ல. தெளிவாக விழித்திருப்பவருக்கு மாத்திரம் சீனி கலந்த சுடுபானம் கொடுங்கள்.

வணக்கத்தைப் பற்றியும் இளைஞர்கள் கேட்பதுண்டு. கடுங்குளிரில் குளிப்புக் கடமையானால் என்ன செய்வது? தாதுஸ் ஸலாஸில் படையெடுப்பின்போது அம்ர் இப்னுல் ஆஸ் (ரழி) அவர்களுக்குக் கடுங்குளிரான இரவொன்றில் இந்நிலை ஏற்பட்டது. குளித்தால் உயிருக்கு ஆபத்து என அஞ்சி, தயம்மும் செய்து தோழர்களுக்குத் தொழுகை நடத்தினார்கள். நபியவர்கள் இதனை வினவியபோது, உங்களையே நீங்கள் கொன்றுவிடாதீர்கள் என்ற கருத்துடைய இறைவசனத்தைக் காரணமாகக் கூறினார்கள். நபியவர்கள் சிரித்தார்கள், எதுவும் கூறவில்லை. இது அபூதாவூத் கிரந்தத்தில் உள்ள செய்தி. நீரைச் சூடாக்க வழியிருக்கும்போது, சோம்பலுக்கு இதனை ஆதாரமாக்க முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். வுழூவுடன் அணிந்த காலுறைத் தோல் மீது ஊரிலிருப்பவர் ஒரு பகலும் இரவும், பயணி மூன்று பகலும் இரவும் மஸ்ஹு செய்யலாம் என்பதும் இத்தகைய வேளைகளில் உதவும் சலுகையே.

வீதிக்கு இறங்குவதிலும் அவசரம் வேண்டாம். 2021 பெப்ரவரி 11ஆம் திகதி போர்ட் வேர்த் நகரில் கண்ணுக்குத் தெரியாத பனிப்படலத்தில் வழுக்கி 130க்கும் மேற்பட்ட வாகனங்கள் ஒன்றோடொன்று மோதின. ஆறு பேர் இறந்தனர். குளிரும் காற்றும் கடுமையான இரவில் இருந்த இடத்திலேயே தொழுதுகொள்ளுமாறு அதான் மூலம் அறிவிக்கப்பட்ட முன்மாதிரி நபியவர்களின் காலத்திலேயே உண்டு.

மின்சாரம் நின்றுவிட்டால் வீடு முழுவதையும் சூடாக வைத்திருக்க முயல வேண்டாம். தெற்கு நோக்கிய, சிறிய, யன்னல் குறைந்த ஓர் அறையைத் தெரிவு செய்து, கதவிடுக்கில் துணியைத் திணித்து, தரையில் மெத்தை விரித்து, அனைவரும் அங்கேயே கூடியிருங்கள். பகலில் வெயில் விழும் யன்னலின் திரையை விலக்குங்கள், மாலையானதும் மூடுங்கள். தொலைபேசியை அவசியத்துக்கு மட்டும் பயன்படுத்துங்கள். டெக்ஸாஸில் பள்ளிவாசல்களும் தேவாலயங்களும் தளபாடக் கடையொன்றும்கூடக் கதவுகளைத் திறந்து மக்களைத் தங்கவைத்தன. அவ்வாறான இடம் உங்கள் பகுதியில் எங்குள்ளது என்பதை மின்சாரம் இருக்கும்போதே கேட்டறிந்து கொள்ளுங்கள். அம்மாநிலத்தில் குளிரில் உறைந்து மரணித்தோரில் முதியவர்கள் பலர். தத்தமது வீட்டுக்குள்ளேயே, சிலர் தனித்திருந்த நிலையில் மரணித்தனர். வயது முதிர்ந்தவருக்குத் தான் குளிர்ந்துபோவது தனக்கே தெரிவதில்லை. எனவே அடுத்த வீட்டில் தனியாக வசிக்கும் முதியவரைத் தொலைபேசியில் நலம் கேட்பதோடு விட்டுவிடாமல், கதவைத் தட்டி, உள்ளே சென்று, அவரது கையையும் வயிற்றையும் தொட்டுப் பாருங்கள். கை குளிர்ந்திருப்பது வழமையே. உடைக்குள் வயிறும் குளிர்ந்திருந்தால் அவரை அன்றிரவு தனியே விட்டுவிட்டு வராதீர்கள்.