22 மணி நேரக் கணக்கு: பல் சீரமைப்பு உறையோடு பழகுதல்

எங்கள் பல் சீரமைப்புப் பிரிவுக்கு வருவோர் அண்மைக் காலமாகக் கேட்கும் முதற்கேள்வி ஒன்று உண்டு: “கம்பி கட்டாமலேயே பல்லை வரிசைப்படுத்த முடியுமாமே?” முடியும், பலருக்கு. கண்ணாடிபோல் தெளிவான அலைனர் எனப்படும் உறைகளைக் கொண்டு அது செய்யப்படுகிறது. ஆனால் கம்பி பல்லோடு ஒட்டியே இருப்பது; நோயாளி மறந்தாலும் அது தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். உறையோ கழற்றி மாட்டக்கூடியது. அதன் வசதியும் அதுவே, அதன் ஆபத்தும் அதுவே.

சென்ற ஆண்டு ஜவுளிக்கடை ஒன்றில் பணிபுரியும் இளைஞர் ஒருவர் நான்காம் மாதப் பரிசோதனைக்கு வந்தார். பன்னிரண்டாம் உறை அவர் பல்லில் சரியாக அமரவில்லை. கோரைப்பல்லின் நுனிக்கும் உறைக்கும் நடுவே இடைவெளி தெரிந்தது. “எப்பவும் போட்டுத்தான் சார் இருக்கேன்” என்றார். உடன் வந்திருந்த அவருடைய தாயார்தான் உண்மையைச் சொன்னார்: “எங்க சார்? டீ குடிக்கக் கழத்துனா சட்டைப்பையில போட்டுக்கிட்டே திரியுதான்.” கணக்கிட்டுப் பார்த்தபோது உறை அவர் வாயில் இருந்தது நாளொன்றுக்குச் சுமார் 17 மணி நேரமே. மீண்டும் ஸ்கேன் எடுத்துப் புதிய உறைகள் செய்யவேண்டியதாயிற்று. அவர் மூன்று மாதங்களை இழந்தார். அந்த இழப்பில் எங்களுக்கும் பங்கு உண்டு. அறிவுரைத் தாளைக் கொடுத்தோமேயன்றி, “உங்கள் ஒரு நாள் எப்படிக் கழிகிறது?” என்று நாங்கள் கேட்கவில்லை. இக்கட்டுரை எழுதப்படுவதற்கு அதுவே காரணம்.

பல் எவ்வாறு நகர்கிறது?

பல் எலும்பில் நேரடியாகப் பதிந்திருப்பதில்லை. வேருக்கும் எலும்புக்கும் நடுவே ஒரு மெல்லிய நார்ப்படலம் உள்ளது. உறை பல்லை மெதுவாக அழுத்தும்போது, அழுத்தம் விழும் பக்கத்தில் எலும்பு கரைகிறது. எதிர்ப்பக்கத்தில் புதிய எலும்பு உருவாகிறது. ஓர் உறை ஒரு பல்லைச் சுமார் கால் மில்லிமீட்டர் அளவே நகர்த்தும். ஒன்று முதல் இரண்டு வாரங்களில் அடுத்த உறைக்கு மாறுகிறோம். அழுத்தம் நாள் முழுவதும் தொடர்ந்தால்தான் இந்த மாற்றம் முறையாக நிகழும். ஆகவேதான் நாளொன்றுக்கு 20 முதல் 22 மணி நேரம் அணியுமாறு வலியுறுத்துகிறோம்.

முதல் வாரம்

புதிய உறையை அணிந்த முதல் நாளில் பற்கள் இறுக்கமாக உணரப்படும், கடித்தால் வலிக்கும். இந்த வலி பெரும்பாலும் முதல் ஓரிரு நாட்களில் உச்சத்தை அடைந்து, ஒரு வாரத்துக்குள் தணிந்துவிடும். புதிய உறையை இரவில் உறங்கச் செல்லும்முன் மாட்டிக்கொண்டால் கடினமான முதல் சில மணி நேரம் உறக்கத்தில் கழியும். இட்லி, குழைந்த சோறு, சொதி ஆகியவை அந்நாட்களுக்கு ஏற்றவை. முறுக்கும் சீடையும் சற்றுப் பொறுத்திருக்கட்டும். வலி மிகுந்தால் எந்த மாத்திரை, எவ்வளவு என்று எங்களிடம் கேட்டு உட்கொள்ளுங்கள். சிலவகை வலிநிவாரணிகள் பல் நகர்வையே மந்தப்படுத்தக்கூடும். உறையின் விளிம்பு கன்னத்தையோ நாவையோ உரசினால் நேரில் வாருங்கள். தேய்த்து மென்மையாக்க ஐந்து நிமிடம் போதும்.

எச்சில் அதிகமாகச் சுரப்பதும் இயல்பே. வாய்க்குள் வந்த புதிய பொருளை உணவென்று உடல் கருதுவதால் இவ்வாறு நிகழ்கிறது. சில நாட்களில் அடங்கிவிடும்.

பேச்சு

வகுப்பறையில் நாள் முழுதும் பேசவேண்டிய ஆசிரியை ஒருவர், “பிள்ளைகள் சிரிப்பார்களே” என்று அஞ்சியே சிகிச்சையைத் தள்ளிப்போட்டார். அவருடைய அச்சத்தில் பொருள் இருந்தது. தகரமும் நகரமும் நா நுனி மேற்பல்லின் அடியைத் தொடுவதால் பிறப்பவை என்று தொல்காப்பியம் வகுத்துரைக்கிறது. அதே இடத்தில்தான் உறையின் தடிப்பு அமைகிறது. எனவே அவ்வொலிகளும் சகரமும் முதலில் சற்றுக் குழறும். நாவை உள்வளைத்து ஒலிக்கும் ழகரத்துக்கு அவ்வளவு இடர் இல்லை. நாள்தோறும் பத்து நிமிடம் செய்தித்தாளை உரக்கப் படிக்குமாறு அவரிடம் கூறினோம். இரண்டாம் வாரத்தில் அவருக்கே உறை நினைவில் இல்லை. பேச்சுக்காக உறையைக் கழற்றுவோர்க்கு மட்டுமே குழறல் நீடிக்கிறது.

தேநீரும் அல்வாவும்

உறை அணிந்திருக்கையில் தண்ணீர் மட்டுமே அருந்தலாம். சர்க்கரை கலந்த பானம் உறைக்கும் பல்லுக்கும் நடுவே தேங்கினால், எச்சில் அதனைக் கழுவ இயலாது. பற்சிதைவுக்கு அது நேர்வழி. தேநீரும் காப்பியும் உறையை மஞ்சளாக்கும். அவற்றின் சூடு அதன் வடிவத்தையும் குலைக்கும்.

இனிக் கணக்கைப் பாருங்கள். மூன்று வேளை உணவுக்கு 75 நிமிடம், பல் துலக்க 15 நிமிடம் என்றால் மிஞ்சுவது 30 நிமிடமே. அதில் இரண்டு தேநீர் அடங்கும், ஆறு அடங்காது. நெல்லையப்பர் கோவிலருகே மாலையில் வாங்கும் அல்வாவை நாங்கள் தடைசெய்யவில்லை. தனியாகக் கொறிக்காமல் இரவுணவோடு சேர்த்து உண்ணுங்கள். பின்னர்ப் பல் துலக்கி உறையை மாட்டுங்கள். துலக்க வசதியில்லாத இடத்தில் வாயை நன்றாகக் கொப்பளித்துவிட்டு மாட்டிக்கொண்டு, வீடு திரும்பியதும் துலக்கலாம்.

தொலையும் உறைகள்

திருமணப் பந்தியில் காகிதத்தில் மடித்து வைத்த உறை, இலையோடு சேர்ந்து போய்விடும். குறுக்குத்துறைப் படித்துறையில் கழற்றி வைத்துவிட்டுக் குளிக்க இறங்கிய ஒருவரின் உறை தாமிரபரணியோடு சென்றது. உறைக்குரிய பெட்டியை எப்போதும் உடன் வைத்திருங்கள். கழற்றினால் வாய் அல்லது பெட்டி. மூன்றாவது இடம் இல்லை. தொலைந்துவிட்டால் முந்தைய உறையை அணிந்துகொண்டு உடனே எங்களை அழையுங்கள். இதற்காகவே பழைய உறையை எறியவேண்டாம் என்கிறோம். உறையைக் குளிர்ந்த நீரில் மென்மையான பிரஷ்ஷால் கழுவுங்கள், சுடுநீர் கூடாது.

குடும்பத்தாருக்கு

“போட்டியா, போட்டியா?” என்று ஓயாது கேட்பது பிள்ளைகளைப் பொய் சொல்லப் பழக்குகிறது. அதைவிட, உணவு மேசையருகே உறைப்பெட்டிக்கு ஓர் இடம் ஒதுக்குங்கள். உண்டு முடித்ததும் அது கண்ணில் படட்டும். அணிய இயலாத நாட்கள் வந்தால் மறைக்காமல் எங்களிடம் கூறுங்கள். ஒரு வாரத் தவறு தெரிந்தால் அதே உறையை இன்னும் சில நாள் நீட்டித்துச் சரிசெய்துவிடலாம். மறைத்த தவறே மாதங்களை விழுங்குகிறது.

எல்லாருக்கும் இம்முறை பொருந்தாது என்பதையும் சொல்லவேண்டும். மிகவும் திரும்பிய பற்களுக்கும், 22 மணி நேரம் உறுதியாக இயலாத வாழ்க்கைமுறைக்கும் கம்பியே மேலானது. அதில் குறைவேதும் இல்லை. ஈறுநோயும் சொத்தையும் இருந்தால் முதலில் அவற்றைக் குணப்படுத்தவேண்டும். எக்ஸ்ரே பார்க்காமல் அஞ்சலில் வரும் உறைகளை நாடவேண்டாம்.

வரிசை சீரான பின்னரும் பற்கள் பழைய இடத்தை நாடும்; ஈற்றின் நார்கள் ஒழுங்கடைய ஓராண்டு வரை ஆகலாம். ஆகவே நிலைநிறுத்தும் ரிட்டெய்னரை நாங்கள் சொல்லும் காலம்வரை அணியவேண்டும்.

அந்த ஜவுளிக்கடை இளைஞர் இப்போது காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என இரண்டு தேநீரோடு நிறுத்திக்கொண்டார். சென்ற மாதம் வந்தபோது உறை இடைவெளியின்றி அமர்ந்திருந்தது. இப்போது எந்த நோயாளி வந்தாலும் நாங்கள் முதலில் கேட்பது இதுதான்: “நாளுக்கு எத்தனை டீ?”