இரண்டு பட்டியல்கள், ஓர் அகராதி

ரயில் பயணச்சீட்டில் ஊர்ப் பெயரோடு சில ஆங்கில எழுத்துகளும் அச்சாகியிருப்பதை அன்பர்கள் பார்த்திருப்பீர்கள். நமது மைசூருக்கு எம்.ஒய்.எஸ்., மண்டியாவுக்கு எம்.ஒய்.ஏ., ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு எஸ். என்ற ஒற்றை எழுத்து. இவை நிலையக் குறியீடுகள். நாட்டிலுள்ள ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட நிலையங்களில் ஒவ்வொன்றுக்கும் தனிக் குறியீடு உண்டு. குறியீட்டைக் கொடுத்தால் ஊர்ப் பெயரைச் சொல்லும் ஏற்பாட்டைக் கணினியில் எப்படி அமைப்பது? ரயில்வேயில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்பதால், எனக்குப் பழகிய இந்த உதாரணத்தைக் கொண்டே விளக்குகிறேன்.

நம்மிடம் இரண்டு பட்டியல்கள் இருப்பதாகக் கொள்வோம். ஒன்றில் குறியீடுகள், மற்றொன்றில் பெயர்கள். 1991-இல் வெளிவந்த பைத்தான் என்ற கணினி மொழியில் 'ஜிப்' என்றொரு கட்டளை உண்டு. பையின் ஜிப்பை இழுத்தால் இருபுறத்துப் பற்களும் ஒன்றோடொன்று கோத்துக்கொள்வதைப் போல, முதல் குறியீட்டை முதல் பெயரோடும், இரண்டாவதை இரண்டாவதோடும் இது இணைக்கும். இணைந்த சோடிகளை 'டிக்ட்' என்ற கட்டளை அகராதியாக்கிவிடும். வேலை ஒரே வரியில் முடிந்துவிடுகிறது.

அகராதி எதற்கு? பட்டியலில் தேடினால் கணினி மேலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வர வேண்டும். அகராதியிலோ, கொடுத்த குறியீட்டிலிருந்தே ஓர் எண்ணைக் கணக்கிட்டு, விடை இருக்கும் அறைக்கு நேரே போய்விடும். பத்து நிலையங்களானாலும் ஏழாயிரமானாலும் தேடும் நேரம் ஏறக்குறைய ஒன்றுதான்.

இனி, கவனிக்க வேண்டிய இடத்துக்கு வருவோம். பெங்களூர் செல்லும் பாதையில் மைசூர், ஸ்ரீரங்கப்பட்டணம், பாண்டவபுரம், மண்டியா, மத்தூர் ஆகிய ஐந்து நிலையங்களின் குறியீடுகளும் சரியாக இருக்கின்றன. பெயர்ப் பட்டியலில் மட்டும் பாண்டவபுரம் விடுபட்டுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். பாண்டவபுரத்தின் பி.ஏ.என்.பி. குறியீட்டுக்கு மண்டியா என்றும், மண்டியாவின் குறியீட்டுக்கு மத்தூர் என்றும் விடை வரும். மத்தூரின் எம்.ஏ.டி. அகராதியிலேயே இராது. குறைந்த பட்டியல் முடிந்ததும் 'ஜிப்' ஓசையின்றி நின்றுவிடும்; பிழை என்று ஒரு சொல்லும் சொல்லாது.

2021-இல் வந்த பைத்தான் 3.10 பதிப்பில் இதற்கு ஒரு காவல் சேர்த்தார்கள். 'ஸ்ட்ரிக்ட்' என்று சேர்த்து எழுதினால், இரு பட்டியல்களின் நீளம் பொருந்தாதபோது நிரல் பிழை காட்டி நின்றுவிடும். ஆனால் நீளம் பொருந்தி வரிசை மாறியிருந்தால் இந்தக் காவலும் உதவாது. பெயர்களை மட்டும் அகர வரிசைப்படுத்திவிட்டாலும் எண்ணிக்கை ஐந்துதானே!

மற்றொரு கேள்வி: எதைத் திறவுகோலாக வைப்பது? சென்னை சென்ட்ரல் 1996 வரை மெட்ராஸ் சென்ட்ரல். 2019-இல் அதற்கு எம்.ஜி.ஆர். பெயர் சூட்டப்பட்டது. குறியீடு மட்டும் அன்றும் இன்றும் எம்.ஏ.எஸ்.தான். நம் ஊரின் ஆங்கிலப் பெயரும் 2014 நவம்பர் 1 முதல் மைசூரு ஆயிற்று, எம்.ஒய்.எஸ். மாறவில்லை. எனவே மாறாத ஒன்றே நல்ல திறவுகோல். ஒரே திறவுகோல் இரண்டு முறை வந்தால், அகராதியில் பின்னால் வந்ததே தங்கும். முன்னது அழிந்துவிடும் என்பதையும் நினைவில் கொள்க.

இது நிரல் எழுதுவோர் கவலை மட்டுமன்று. ஒரு சங்கம் தன் உறுப்பினர் பெயர்களை ஒரு தாளிலும், இரத்த வகைகளை மற்றொரு தாளிலும் எழுதி வைத்துக் கணினியில் ஏற்றுகிறது என்போம். நடுவில் ஒரு வரி விடுபட்டால் அதற்குப் பின்னுள்ள அத்தனை பேருக்கும் அடுத்தவருடைய இரத்த வகை ஒட்டிக்கொள்ளும். இரண்டு கிருஷ்ணமூர்த்திகள் இருந்தால் ஒருவர் காணாமற்போவார். அவசரத்தில் இரத்தம் தர ஆள் தேடும்போது, இந்தப் பட்டியலை நம்பித் தவறான ஆளை அல்லவா அழைப்போம்?

ஆகவே சோடிகளைத் தொடக்கத்திலிருந்தே ஒரே வரியில் எழுதுங்கள். பெயருக்குப் பதில் உறுப்பினர் எண்ணைத் திறவுகோலாக்குங்கள். இரண்டு பட்டியல்களாகத்தான் கிடைக்கும் என்றால், முதலில் எண்ணிக்கையைச் சரிபாருங்கள். பிறகு முதல், நடு, கடைசி என்று சில சோடிகளையாவது கண்ணால் பாருங்கள். கணினி வரிசையை மட்டுமே அறியும். எது எதற்கு உரியது என்பதை நாம்தான் அறிவோம்.