மரத்துப்போன கை: 6 மாதமும் 270 நிமிடமும்

திருவள்ளூர் மாவட்டத்தின் ஆர்.கே.பேட்டை, அம்மையார்குப்பம், பொதட்டூர்பேட்டை வட்டாரத்தில் பல வீடுகளுக்கு விசைத்தறிதான் பிழைப்பு. அறுந்த இழையைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பிடித்து முடிச்சிட வேண்டும். நாடாவில் தார் மாற்றும்போதெல்லாம் மணிக்கட்டு வளைய வேண்டும். கை மரத்தால் கூலியும் நிற்கும். காரணத்தைப் பொறுத்து, அதைச் சரிசெய்யக் கிடைக்கும் அவகாசம் சிலருக்கு மாதக் கணக்கு, சிலருக்கு நிமிடக் கணக்கு.

முதல் கணக்கு விரல்களில் இருக்கிறது. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி என 3½ விரல் மரத்தால், மணிக்கட்டில் நடுநரம்பு அழுந்துவதாகக் கொள்ளலாம். எஞ்சிய 1½ விரல் மரத்தால், பெரும்பாலும் முழங்கையில் அழுத்தம். மணிக்கட்டின் குறுகிய வழியில் 9 தசைநாண்களோடு 1 நரம்பும் செல்கிறது. தசைநாண் உறை வீங்கினால் நசுங்குவது அந்த நரம்பே. இரவில் மரத்து, கையை உதறினால் குறைவது இதன் வழக்கம்.

தெற்கு ஸ்வீடனில் நடந்து 1999இல் வெளியான ஆய்வில், 25 முதல் 74 வயதுவரை உள்ளோரில் 14.4% பேர் இந்த விரல்களில் வலியோ மரமரப்போ சொன்னார்கள். மருத்துவப் பரிசோதனையிலும் நரம்புச் சோதனையிலும் மணிக்கட்டு அழுத்தம் உறுதியானது 2.7% பேருக்கு. தொல்லை சொன்னவர்களோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ 5 பேருக்கு ஒருவர். விரல் கணக்கு வழிகாட்டும், சோதனைக்கு ஈடாகாது.

அடுத்தது கழுத்து. அங்கே எலும்பு 7, நரம்பு 8 இணை. அமெரிக்காவின் ராச்செஸ்டரில் 1976–1990 காலத்தில் கழுத்து நரம்புவேர் பாதிப்பு ஆண்டுக்கு லட்சம் பேருக்கு 83.2. அவர்களில் 26% பேர் அறுவை சிகிச்சை செய்துகொண்டார்கள். கடைசிப் பரிசோதனையில் 90% பேருக்குத் தொல்லை இல்லை, அல்லது லேசாக இருந்தது. ஆனால் இரு கையும் மரத்து, நடை தடுமாறி, சிறுநீர் கட்டுப்பாடு குறைந்தால் தண்டுவடம் அழுந்தியிருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இந்தியப் பெரியவர்களில் சர்க்கரை நோயின் எண் 11.4%. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2023 ஆய்வறிக்கைப்படி அது 10.1 கோடி பேர். சர்க்கரையால் வரும் நரம்புத் தேய்வு வழக்கமாகப் பாதத்தில் தொடங்கிப் பிறகே கைக்கு ஏறும். பி12 குறைவும் இதே உணர்வைத் தரும். இரண்டுக்கும் ரத்தப் பரிசோதனை உண்டு.

தொழுநோய்க்கு அளவு 6 மாதம். தோலில் உணர்ச்சியற்ற வெளிர் தேமலோடு கை மரத்தால் இதையும் சோதிக்க வேண்டும். நரம்புச் சேதம் 6 மாதத்துக்குள் கண்டறியப்பட்டால் சிகிச்சையில் மீள வாய்ப்பு அதிகம். கூட்டு மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசம். 6 அல்லது 12 மாதம் சாப்பிட வேண்டும். வேலூர் மாவட்டத்தின் கரிகிரியில் 1955 முதல் இதற்கான மருத்துவ மையம் இயங்குகிறது.

பக்கவாதத்துக்கு அளவு 270 நிமிடம். ஒரு பக்கக் கை திடீரென மரத்து, முகம் கோணி, பேச்சு குழறினால், ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி 4½ மணி நேரத்துக்குள் போடப்பட வேண்டும். ஆர்.கே.பேட்டையிலிருந்து திருவள்ளூர் சுமார் 65 கி.மீ. மணிக்கு 40 கி.மீ. வேகம் என்றால் 98 நிமிடம். ஆம்புலன்ஸ் வர 20, ஸ்கேன் முதல் ஊசி வரை 60 என வைத்தால் மொத்தம் 178. வீட்டில் யோசிக்க மிஞ்சுவது 92 நிமிடம். எண்ணெய் தேய்த்துப் பார்ப்பதில் 60 போனால் 32. 'விடியட்டும்' என்று 120 போனால் 28 நிமிடம் பற்றாக்குறை.

அந்த 92-ஐயும் செலவழிப்பது நல்லதல்ல. 2010இல் லான்செட் இதழில் வந்த கூட்டாய்வின்படி, முதல் 90 நிமிடத்தில் ஊசி போட்டால் 4 அல்லது 5 பேரில் ஒருவர் கூடுதலாக நன்கு தேறுகிறார். 91–180 நிமிடத்தில் 9 பேரில் ஒருவர். 181–270 நிமிடத்தில் 14 பேரில் ஒருவர். உடனே 108-ஐ அழைத்தாலே 178 நிமிடம் ஆகும் ஊருக்கு முதல் வரிசை எட்டாது. இரண்டாம் வரிசையைப் பிடிக்கவே 2 நிமிட அவகாசம்தான். இன்னும் அருகில், சி.டி. ஸ்கேனும் இந்த ஊசியும் உள்ள மருத்துவமனை இருந்தால் அங்கே செல்வதே லாபம். அழைக்கும்போதே அதைக் கேட்க வேண்டும். நேரம் கடந்தாலும் போவதை நிறுத்தக்கூடாது: பெரிய ரத்தக்குழாய் அடைப்பில், தகுதியுள்ள சிலருக்கு 24 மணி நேரம் வரை கட்டியை வெளியே எடுக்க முடியும்.

10 நிமிடத்தில் தானாகச் சரியானாலும் கணக்கு முடியவில்லை. கலிஃபோர்னியாவில் இப்படித் தற்காலிகப் பாதிப்பு வந்த 1,707 பேரில் 10.5% பேருக்கு 90 நாளுக்குள் பக்கவாதம் வந்தது. அதில் பாதி முதல் 2 நாளில். மார்பில் அழுத்தமும் வியர்வையுமாக இடக்கை மரத்தாலும் 108-தான். அது மாரடைப்பாக இருக்கலாம்.

பக்கவாதத்துக்கும் மாரடைப்புக்கும் வழிவகுக்கும் உயர் ரத்த அழுத்தம் இந்தியப் பெரியவர்களில் 35.5% பேருக்கு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டிலேயே அளந்து மாத்திரை தருகிறார்கள். தறிக்கூடத்தில் வேலை செய்வோர் தம் அழுத்த அளவையும் சர்க்கரை அளவையும் தெரிந்து வைத்திருந்தால், 178-க்கும் 270-க்கும் இடையே ஓட வேண்டியவர்கள் குறைவார்கள்.