எந்தக் கலை சிறந்தது? தற்காப்புக் கலைகளும் கலப்புப் பயிற்சியும்

கோடை விடுமுறை நெருங்கும்போதெல்லாம் எங்கள் மறுவாழ்வு மருத்துவப் பிரிவில் ஒரு கேள்வி தவறாமல் எழும். “பிள்ளையைக் கராத்தேயில் சேர்க்கலாமா, சிலம்பத்தில் சேர்க்கலாமா, டாக்டர்? எது சிறந்தது?” அண்மைக் காலமாக ஐம்பதைக் கடந்தவர்களும் தங்களுக்காகவே இதைக் கேட்கின்றனர். போட்டிக் களத்தில் நிற்போர் இதற்குத் தரும் விடை வேறு; மருத்துவர்களாகிய நாங்கள் தரும் விடை வேறு. யார் யாரை வெல்வார் என்பது எங்கள் அக்கறை அன்று. எந்தக் கலை உடலின் எந்தப் பகுதியை வளர்க்கிறது, எந்தப் பகுதியைத் தேய்க்கிறது என்பதே எங்கள் அக்கறை.

இந்த வேறுபாட்டை எங்களுக்கே தெளிவாக உணர்த்தியவர் 13 வயது மாணவி ஒருவர். குடும்பத்தாரின் இசைவுடன், அடையாளங்களைத் தவிர்த்து, அவருடைய அனுபவத்தை இங்கே பகிர்ந்துகொள்கிறோம்.

எட்டு வயது முதல் டேக்வாண்டோ பயின்றுவந்த அவர், வாரத்தில் ஆறு நாள் பயிற்சி செய்தார். வலது இடுப்பின் முன்புறத்தில் வலி என்று தாத்தாவுடன் வந்தார். தொடையின் முன்தசை இடுப்பெலும்பைப் பற்றியிருக்கும் இடத்தில், இன்னும் எலும்பாக முதிராத வளர்ச்சிக் குருத்தெலும்பு புண்பட்டிருந்தது. ஒரே காலால் ஆயிரக்கணக்கான முறை உதைத்ததன் விளைவு அது. “ஆறு வாரம் பயிற்சி வேண்டாம்” என்று எழுதிக் கொடுத்து அனுப்பினோம்.

இரண்டு மாதம் கழித்து அவரைச் சக்கர நாற்காலியில் அழைத்துவந்தனர். போட்டியில் உதைப்பதற்குக் காலை உயர்த்தியபோது, அதே இடத்தில் எலும்பின் சிறு துண்டு ஒன்று பெயர்ந்துவிட்டது. ஏன் ஓய்வெடுக்கவில்லை என்று கேட்டோம். “வீட்டில் சும்மா இருந்தால் அணியில் என் இடம் போய்விடும், டாக்டர். அந்த ஆறு வாரமும் நான் என்ன செய்ய வேண்டும் என்று நீங்கள் சொல்லவில்லையே” என்றார் அவர். எங்களிடம் விடை இல்லை. செய்யக் கூடாததைச் சொன்னோமே தவிர, செய்யத்தக்கதைச் சொல்லாமல் விட்டது எங்கள் குறைதான். இக்கட்டுரை அந்தக் குறையிலிருந்தே பிறந்தது.

கலைகள் எங்கே வேறுபடுகின்றன?

தற்காப்புக் கலைகள் அனைத்தும் உடலுறுதியையும் ஒழுங்கையும் தருகின்றன. ஆனால் அவை உடலில் ஏற்றும் சுமை ஒன்றுபோல் இருப்பதில்லை.

டேக்வாண்டோ கால்களின் கலை. இடுப்பின் வளைவுத்தன்மை, ஒற்றைக் காலில் நிற்கும் சமநிலை, வேகம் ஆகியவை வளரும். இடுப்பும் முழங்காலும் கணுக்காலும் மிகுதியாக உழைக்கும். போட்டி விதிகளில் தலைக்கு விழும் உதைக்குக் கூடுதல் புள்ளி உண்டு என்பதையும் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும்.

கராத்தேயில் இரு பகுதிகள் உண்டு. எதிராளி இன்றித் தனியே செய்யும் ‘காத்தா’ ஒன்று. இருவர் மோதும் ‘குமித்தே’ மற்றொன்று. மோதல் இல்லாத காத்தா, உடல் ஒருங்கிணைப்புக்கு நல்ல பயிற்சி. காயங்களுள் பெரும்பாலானவை குமித்தேயில் நேர்கின்றன.

ஜூடோ பிடித்து வீழ்த்தும் கலை. தோளும் முழங்காலும் கழுத்தும் சுமையைத் தாங்கும். ஆனால் பிற கலைகள் பலவற்றில் இல்லாத ஒரு செல்வம் இதில் உண்டு. முதல் பாடமே விழக் கற்பதுதான். மோவாயை மார்போடு சேர்த்துத் தலையைக் காத்து, உடலை உருட்டி, கையால் விரிப்பை அறைந்து விழும் முறையைப் பல வாரம் பழகிய பின்னரே வீசுதலைக் கற்பிப்பர்.

பிரேசிலிய ஜியு-ஜிட்சு தரையில் படுத்தும் புரண்டும் செய்யும் மல்லு. தலையில் அடி குறைவு. முழங்கை, தோள் மூட்டுகளை வளைத்துப் பூட்டும் பிடிகளும், விரிப்பின் வழியே பரவும் படர்தாமரை போன்ற தோல் தொற்றுகளும் இதில் கவனிக்கத்தக்கவை.

குத்துச்சண்டை இதயத்துக்கும் நுரையீரலுக்கும் மிகச் சிறந்த பயிற்சி. ஆனால் எதிராளியின் தலையைத் தாக்குவதே அதில் வெற்றிக்கு வழியாக இருப்பதால், மணல்மூட்டையில் குத்துவதையும் மேடையேறி மோதுவதையும் நாங்கள் வெவ்வேறாகவே பார்க்கிறோம்.

நம் சிலம்பத்தில் காலடிகளே அடித்தளம். கம்பை இரு கைகளாலும் இரு திசைகளிலும் சுழற்றுவதால் உடலின் இருபுறமும் ஏறக்குறைய சமமாக உழைக்கும். தோள்பட்டை, மணிக்கட்டு ஆகியவற்றில் வலி தோன்றலாம். கேரளத்தின் களரிப்பயிற்று ஆழ்ந்து அமரும் நிலைகளால் இடுப்பையும் முதுகையும் நெகிழச் செய்யும். முழங்கால் தேய்மானம் உள்ளவர்க்கு அந்நிலைகள் ஏற்றவை அல்ல.

சீனத்தின் தாய்ச்சி, எடையை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மெல்ல மாற்றும் கலை. பார்ப்பதற்கு எளிது, தொடைகளுக்கு அது எவ்வளவு உழைப்பு என்பது பத்து நிமிடத்தில் விளங்கிவிடும்.

கலப்பு புதிதன்று

ஒரு கலையைப் பிடித்துக்கொண்டவர் பிறிதொன்றைத் தொடக் கூடாது என்ற எண்ணம் சில பயிற்சிக் கூடங்களில் உண்டு. வரலாறு அதற்குத் துணைநிற்கவில்லை. ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோ, இரு வேறு பழைய மரபுகளைப் பயின்றவர். அவற்றுள் சிறந்தவற்றைச் சேர்த்து, ஆபத்தானவற்றை நீக்கி, 1882இல் டோக்கியோவின் ஒரு கோயிலில் கோடோக்கானைத் தொடங்கினார். ஒக்கினாவாவிலிருந்து 1922இல் டோக்கியோ வந்து கராத்தேயை அறிமுகம் செய்த கிச்சின் ஃபுனாக்கோஷியைத் தம் கூடத்துக்கே அழைத்துச் செய்துகாட்டச் சொன்னவரும் அவரே. இன்று கராத்தே மாணவர் அணியும் வெள்ளை உடையும் வண்ணப் பட்டையும் ஜூடோவிலிருந்து சென்றவை.

1993இல் அமெரிக்காவின் டென்வர் நகரில் பல கலையினரை ஒரே களத்தில் மோதவிட்டபோது, ஜியு-ஜிட்சு வீரர் ராய்ஸ் கிரேசி ஒரே இரவில் மூவரை வென்றார். தரையில் போராடப் பழகாதவர்களால் அவரை எதிர்கொள்ள இயலவில்லை. அதன்பின் அக்களத்தில் ஒரே கலையோடு நிலைத்தவர் அரிது. போட்டியாளர்கள் அன்று கற்ற பாடம், தாம் பழகாத இடத்தில்தான் தோல்வி காத்திருக்கிறது என்பது. உடலுக்கும் இது பொருந்தும். பழக்காத தசையிலும், ஓய்வின்றிப் பழக்கிய தசையிலும்தான் காயம் காத்திருக்கிறது.

கலப்பு என்பது கூட்டல் அன்று

இங்கே ஒரு தவறு அடிக்கடி நேர்கிறது. ஆறு நாள் டேக்வாண்டோவின்மேல் இரண்டு நாள் சிலம்பத்தையும் ஏற்றினால் அது கலப்புப் பயிற்சி ஆகாது, சுமைதான் பெருகும். கலப்பு என்றால் ஒன்றை எடுத்துவிட்டு அவ்விடத்தில் மற்றொன்றை வைப்பது. உதைக்கும் நாள்கள் மூன்றாகக் குறைந்தால்தான் பிற பயிற்சிக்கு இரு நாள் கிடைக்கும். ஒரு நாள் முழு ஓய்வும் கிடைக்கும்.

வளரும் பிள்ளைகளுக்குக் குழந்தை மருத்துவர்களும் விளையாட்டு மருத்துவர்களும் கூறும் பொதுவான அளவுகள் இவை:

• வாரத்தில் ஒன்று அல்லது இரண்டு நாள் முழு ஓய்வு.
• ஒரு வாரத்தின் பயிற்சி நேரம், பிள்ளையின் வயதைத் தாண்டக் கூடாது. பத்து வயதுப் பிள்ளைக்குப் பத்து மணி நேரமே மேல் எல்லை.
• ஆண்டில் மூன்று மாதம், ஒவ்வொரு மாதமாகப் பிரித்தேனும், முதன்மையான விளையாட்டிலிருந்து விலகியிருத்தல்.
• ஒரே இடத்தில் இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் வலியையும், நொண்டவைக்கும் வலியையும் ‘வளர்ச்சி வலி’ என்று ஒதுக்காமல் மருத்துவரிடம் காட்டுதல்.

முதியோருக்கும் இதில் இடமுண்டு

மாணவியின் சிகிச்சைக்கு உடன் வந்த தாத்தாவுக்கு 71 வயது. முந்தைய ஆண்டு குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தவர். எலும்பு கூடிய பின்னும், விழுந்துவிடுவோம் என்ற அச்சம் நீங்காமல் தெருவில் நடப்பதையே நிறுத்தியிருந்தார். “பேத்திக்குச் சொல்வதில் எனக்கும் ஏதேனும் உண்டா, ஐயா?” என்று கேட்டார்.

உண்டு. 2018இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், விழும் அபாயம் மிகுந்த, 70 வயதை எட்டிய 670 பேரை மூன்று குழுக்களாகப் பிரித்து ஆறு மாதம் பயிற்சியளித்தனர். தாய்ச்சி பழகியோர், வெறும் நீட்டல் பயிற்சி செய்தோரைவிடப் பாதிக்கும் குறைவாகவே விழுந்தனர். பலவகை உடற்பயிற்சி செய்த குழுவைவிடவும் அவர்கள் குறைவாக விழுந்தனர். நடுக்குவாதம் எனப்படும் பார்க்கின்சன் நோயாளர் 195 பேரிடம் நடந்து 2012இல் வெளியான ஆய்விலும் தாய்ச்சி சமநிலையை மேம்படுத்தியது. அதே நோயாளருக்காக, எதிராளி இல்லாத குத்துச்சண்டைப் பயிற்சி 2006இல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் தொடங்கி இன்று பல நாடுகளில் நடைபெறுகிறது.

நெதர்லாந்தில் ஜூடோவின் விழும் முறையை ஆராய்ந்தவர்கள், பக்கவாட்டில் விழும்போது இடுப்பின்மேல் விழும் விசை அதனால் குறைவதைக் கண்டனர். முதியோருக்கான பயிற்சியிலும் அதைச் சேர்த்தனர். இது தடித்த விரிப்பில், பயிற்றுநர் அருகிருக்கச் செய்வது. இதைப் படித்துவிட்டு வீட்டுத் தரையில் எவரும் முயல வேண்டாம்.

யார் மோதலைத் தவிர்க்க வேண்டும்?

பின்வரும் நிலைகளில் தனியே செய்யும் பயிற்சிகள் ஏற்கத்தக்கவையாக இருக்கலாம். ஆனால் எதிராளியுடன் மோதுவதும் வீசப்படுவதும் கூடா. எதையும் தொடங்குமுன் உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

• இரத்தம் உறையாமல் இருக்க மருந்து உட்கொள்வோர், ஹீமோஃபீலியா உள்ளோர்
• எலும்புத் தேய்வு நோய் உள்ளோர்
• கட்டுக்குள் வராத வலிப்பு உள்ளோர்
• நீரிழிவால் விழித்திரை பாதிக்கப்பட்டோர், ஒரு கண்ணில் மட்டும் பார்வை உள்ளோர்
• மண்ணீரல் வீக்கம் உள்ளோர்
• கழுத்தெலும்பு மூட்டு தளர்ந்தோர். டவுன் நோய்க்குறி உள்ள பிள்ளைகளுக்கு இதைச் சோதித்தறிய வேண்டும்

தலைக்காயத்தைப் பற்றித் தனியே ஒரு சொல். ஜப்பானில் பள்ளிகளில் ஜூடோ பயின்ற மாணவர் நூற்றுக்கும் மேற்பட்டோர் 1983க்குப் பின்னான முப்பது ஆண்டுகளில் உயிரிழந்தனர். அவற்றுள் தலைக்காயங்கள் மிகுதி. விழக் கற்கும் முன்னரே வீசப்பட்ட தொடக்க நிலை மாணவர்களே பெரிதும் ஆபத்துக்குள்ளாயினர். 2022இல் அந்நாட்டு ஜூடோ கூட்டமைப்பு, தொடக்கப்பள்ளிச் சிறுவருக்கான தேசியத் தனிநபர் போட்டியையே நிறுத்தியது. ஜூடோவின் தாயகமே இவ்வாறு எண்ணிப் பார்த்திருக்கும்போது, நாமும் எண்ணிப் பார்க்கக் கடமைப்பட்டுள்ளோம்.

தலையில் அடிபட்டபின் தலைவலி, தலைசுற்றல், மறதி, குழப்பம் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் அன்றைய பயிற்சி அத்துடன் முடிந்தது. நினைவு தப்பாவிட்டாலும் மூளை அதிர்ந்திருக்கலாம். வாந்தி, மிகுந்துவரும் தலைவலி, எழுப்ப இயலாத உறக்கம், வலிப்பு, ஒரு பக்கக் கை கால் தளர்ச்சி ஆகியவை தோன்றினால் உடனே 108ஐ அழையுங்கள். குணமடையும் பிள்ளை முதலில் பள்ளிக்கு முழுமையாகத் திரும்ப வேண்டும். மோதல் பயிற்சி அதற்குப் பின்னரே, மருத்துவர் இசைவுடன்.

பயிற்சிக் கூடத்தில் கேட்க வேண்டியவை

கலையின் பெயரைவிடக் கற்பிப்பவரே முக்கியம். சேர்க்குமுன் ஒரு நாள் அமர்ந்து பாருங்கள். தொடக்கத்தில் விழக் கற்பிக்கிறார்களா? தலையில் அடிப்பதற்குச் சிறுவரிடையே தடை உண்டா? எடையும் வயதும் ஒத்தவர்களையே இணைக்கிறார்களா? விரிப்புகளை நாள்தோறும் தூய்மை செய்கிறார்களா? வலிக்கிறது என்று ஒரு பிள்ளை சொன்னால் பயிற்றுநர் என்ன செய்கிறார்? இந்தக் கடைசிக் கேள்விக்கான விடை மற்ற நான்கையும் உங்களுக்குச் சொல்லிவிடும்.

அம்மாணவிக்கு இம்முறை நாங்கள் எழுதிக் கொடுத்த தாளில் ‘வேண்டாம்’ என்ற சொல் ஒரே ஒரு முறைதான் இருந்தது. ஊன்றுகோலுடன் இருந்த வாரங்களில் தோளுக்கும் வயிற்றுத் தசைகளுக்கும் பயிற்சி. ஊன்றுகோலை விட்டபின் சிலம்பக் காலடிகள், முதலில் கம்பின்றி, மெதுவாக. பின்னர் ஜூடோ கூடத்தில் விழும் பயிற்சி மட்டும். கடைசியில் உதை, இடக்காலுக்கும் வலக்காலுக்கும் சம எண்ணிக்கையில். அவருடைய பயிற்றுநரையும் அழைத்துப் பேசினோம். அணியில் இடம் காத்திருக்கும் என்று அவர் உறுதியளித்த பின்புதான் மாணவியின் முகம் தெளிந்தது.

காலடிகளை வீட்டில் சொல்லித் தந்தவர் தாத்தாதான். இளமையில் ஊர்த் திருவிழாவில் கம்பு சுற்றியவர் என்பதை எங்களிடம் அதுவரை அவர் சொன்னதில்லை. சுவரோரம் நாற்காலியைப் பிடித்தபடி பேத்தியோடு அவரும் அடியெடுத்து வைத்தார்.

ஐந்து மாதம் கழித்து மாணவி மீண்டும் போட்டியிட்டார். முதல் சுற்றிலேயே தோற்றார். வலி இல்லை என்று சொல்ல இருவரும் வந்திருந்தனர். பேருந்து நிறுத்தத்திலிருந்து மருத்துவமனைவரை தாத்தா நடந்தே வந்தாராம்.

எந்தக் கலை சிறந்தது என்று இனி எவரேனும் கேட்டால், நாங்கள் திருப்பிக் கேட்கும் கேள்விகள் மூன்று. இந்த உடல் இதுவரை எதைப் பழகியிருக்கிறது? எதைப் பழகவில்லை? எதற்கு ஓய்வு வேண்டும்? இவற்றை உங்கள் மருத்துவருடன் பேசித் தீர்த்துக்கொண்டு, பிறகு கூடத்தைத் தேடுங்கள்.