நிற்கிற கார் குடிக்கிற காசு!

ஓடுகிற காருக்கு பெட்ரோல் போட்டால் போதும். நிற்கிற கார் இருக்கிறதே... அதற்குத்தான் சார் தீனி அதிகம்!

ஆபீசுக்குப் பறக்கும் ரயில், கடை கண்ணிக்கு ஸ்கூட்டர், கல்யாணத்துக்கும் குலதெய்வம் கோயிலுக்கும் மட்டும் கார் என்று வைத்திருக்கிற கோஷ்டி சென்னையில் ஏராளம். எங்கள் வேளச்சேரி ஃப்ளாட்டின் கீழ்த்தளத்தில் பதினொரு கார்கள். தினமும் வெளியே போவது நாலு. மீதி ஏழும் தலையோடு கால் போர்வை போர்த்திக்கொண்டு வரிசையாகப் படுத்திருக்கும். ராத்திரி கரண்ட் போன நேரத்தில் அந்தப் பக்கம் போனால் மார்ச்சுவரி ஞாபகம் வரும்.

தூண் ஓரம் மூன்றாவதாகப் படுத்திருப்பது என்னுடையது. 2018 மாடல், 1200 சி.சி. இன்னும் இருபதாயிரம் கிலோமீட்டர் தொடவில்லை. "வண்டி ஷோரூம் கண்டிஷன் சார்!" என்று பார்க்கிறவர்கள் எல்லாம் வாயைப் பிளக்கிறார்கள். ஷோரூமில்கூட அவ்வப்போது நகர்த்தி வைப்பார்கள் என்பது அவர்களுக்குத் தெரியாது.

நான் அக்கவுண்ட்ஸ் செக்‌ஷன் ஆசாமி. போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காருக்கென்று ஒரு பேரேடு போட்டேன். ஓடியது 1,840 கிலோமீட்டர். பெட்ரோல் 14,300 ரூபாய். இது நியாயமான செலவு, ஓடியதற்குக் கொடுத்தது. இனிமேல் வருவதெல்லாம் ஓடாததற்கு! இன்ஷூரன்ஸ் 9,600. சர்வீஸ் 7,800. பார்க்கிங்குக்கு அசோசியேஷன் மாசம் 1,200 வீதம் 14,400. துடைக்கிற பையனுக்கு மாசம் 500 வீதம் 6,000. (துடைப்பது காரையா, போர்வையையா என்று நான் விசாரிக்கவில்லை.) மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றுகிற பாட்டரியில் இந்த வருஷப் பங்கு 1,800. எலிக்கு 4,200. எலி கதை தனி, வருகிறேன். ஆக மொத்தம் 58,100. நின்ற இடத்திலேயே விலை இறங்கியது குறைந்தது 35,000. கூட்டினால் 93,100. கிலோமீட்டருக்கு ஐம்பது ரூபாய் அறுபது பைசா!

மழையும் நெரிசலும் இல்லாத நாளில் எனக்குக் கால் டாக்ஸி கிலோமீட்டருக்கு இருபது, இருபத்தைந்துதான் ஆகிறது. ஏ.சி. போட்டுக் கூட்டிப் போய், வாசலில் இறக்கிவிட்டு, போகும்போது தன் எலியையும் தானே எடுத்துக்கொண்டு போகிறது.

எலி விஷயம் இதுதான். ஓடுகிற காரின் பானெட்டுக்குள் எலி குடித்தனம் வைக்காது. சூடு, சத்தம், ஆட்டம். நின்ற காரோ அதற்கு வாடகையில்லாத மூன்று பெட்ரூம் ஃப்ளாட். எங்கள் மெக்கானிக் பானெட்டைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு, "சார், மேடம் ஏதாவது தேங்கா நாரைத் தேடிக்கிட்டிருந்தாங்களா?" என்றார். இன்ஜின் மேல் தேங்காய் நார், ஸ்பாஞ்ச், பாதி முறுக்கு எல்லாம் வைத்து அழகாக ஒரு கூடு. பக்கத்தில் கடித்த ஒயர்கள். அந்துருண்டை, புகையிலை, கடையில் விற்கிற ஸ்ப்ரே எல்லாம் வைத்துப் பார்த்தாயிற்று. புகையிலையைப் பார்த்து எங்கள் பேட்டைப் பெருச்சாளி பயந்த மாதிரி தெரியவில்லை. வெற்றிலை எங்கே என்று தேடியிருக்கும்.

"இன்ஷூரன்ஸில் கேட்கலாமே?" என்றார் ஆபீஸ் நண்பர். இங்கேதான் கணக்கு தெரிய வேண்டும். தொடர்ந்து ஐந்து வருஷம் க்ளெய்ம் இல்லாமல் இருந்தால் சொந்த சேதத்துக்கான பிரீமியத்தில் 50% தள்ளுபடி. 4,200 ரூபாய்க்குக் கையை நீட்டினால் அந்த நோ க்ளெய்ம் போனஸ் மறுபடி பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கும். ஆகவே எலிக்கு மொய் என் பாக்கெட்டிலிருந்துதான்.

சரி, ஓட்டாத காருக்கு இன்ஷூரன்ஸே எதற்கு என்கிறீர்களா? மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் இல்லாமல் ரோட்டுக்கு வருவது 1988 மோட்டார் வாகனச் சட்டப்படி குற்றம். 1000-லிருந்து 1500 சி.சி. வரை அதற்கு 2022 ஜூனில் வைத்த ரேட் 3,416 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி. வருஷம் பத்து கிலோமீட்டர் ஓட்டினாலும் பத்தாயிரம் ஓட்டினாலும் அதே 3,416. பாலிசி முடிந்து 90 நாளைக்குள் புதுப்பிக்காமல் தூங்கிவிட்டால் போனஸும் போச்சு. 2022 ஜூலையில், ஓட்டுகிற தூரத்துக்கு ஏற்ற பிரீமியத்துக்கு அனுமதி கொடுத்தார்கள். நம்மைப் போன்றவர்கள் கேட்டு வாங்க வேண்டியது அது. ஏஜெண்ட் தானாகச் சொல்லமாட்டார்.

டயரும் இப்படித்தான். பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும், பாருங்கள். 2218 என்றால் 2018-ம் வருஷம் 22-வது வாரம் பிறந்தது என்று ஜாதகம். என் டயரில் பட்டன் எல்லாம் புதுசு மாதிரி நிற்கிறது. பக்கச் சுவரில் மட்டும் பொடிப் பொடியாக வெடிப்பு. ரப்பருக்குக் கிலோமீட்டர் கணக்கு ஒன்று, வயசுக் கணக்கு ஒன்று. இன்ஜின் ஆயிலும் அப்படியே. இத்தனை கிலோமீட்டர் அல்லது ஒரு வருஷம், எது முந்துகிறதோ அது. நமக்கு எப்போதும் காலண்டர்தான் முந்தும்!

2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் கார்கள் வரிசை கட்டி நின்றன. 2015-ம் 2023-ம் கற்றுக்கொடுத்த பாடம். என் காரும் போய் நின்றது. அந்த வருஷம் அது செய்த முக்கியமான பயணங்களில் அதுவும் ஒன்று.

இத்தனைக்கும் மேல் ஏன் கார்? எங்கள் வீட்டில் இதற்கு ஒரே பதில்: "ராத்திரியில அம்மாவுக்கு ஏதாவதுன்னா?"

அம்மாவுக்கு எழுபத்தாறு வயசு. ஆஸ்துமா. அந்த ஒரு ராத்திரிக்காகத்தான் வருஷம் 93,100 ரூபாய். அந்த ராத்திரியும் வந்தது, நவம்பர் மழையில். மணி இரண்டு பத்து. அம்மா கட்டிலில் உட்கார்ந்து மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தாள். ஓடிப்போய்ப் போர்வையை உருவி, சாவியைத் திருகினேன்.

டிக்... டிக்... டிக்...

அவ்வளவுதான். டாஷ்போர்டு விளக்குகூட மங்கலாக எரிந்து, அணைந்தது. மாடியிலிருந்து மனைவி 108-ஐக் கூப்பிட்டுவிட்டாள். பதினெட்டாவது நிமிஷம் வந்தார்கள். ஏற்றின கையோடு ஆக்சிஜன் வைத்தார்கள். அந்தப் பையன் வழி நெடுக அம்மா கையைப் பிடித்துக்கொண்டு, "மெதுவா மூச்சு விடுங்க பாட்டி" என்று சொல்லிக்கொண்டே வந்தான். நான் எதிரே உட்கார்ந்து யோசித்தேன். கார் ஸ்டார்ட் ஆகியிருந்தாலும் அதில் ஆக்சிஜன் ஏது? மூன்று நாளில் அம்மா வீடு திரும்பிவிட்டாள்.

மெக்கானிக் வந்து மீட்டரை வைத்தார். 12.6 வோல்ட் காட்ட வேண்டிய பாட்டரி 11.2 காட்டியது. "வண்டி நின்னாலும் கடிகாரம், அலாரம், ரிமோட் லாக், கம்ப்யூட்டர்லாம் முழிச்சிட்டுதான் சார் இருக்கும். ஒரு முப்பது மில்லி ஆம்பியர்னு வைங்க..." மீதியை நானே போட்டேன். ஒரு நாளைக்கு முக்கால் ஆம்பியர் ஹவர். முப்பது நாளில் இருபத்தொன்று, இருபத்திரண்டு. பாட்டரியே 35-தான். பாதிக்கு மேல் காலி!

"தினம் அஞ்சு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி வெக்கட்டுமா?"

"அது கேடு சார். ஸ்டார்ட் பண்ண எடுக்கற கரண்டே திரும்பி ஏறாது. ஆயிலும் சூடாகாது. வாரம் ஒரு தடவை அரை மணி நேரம் ரோட்டுல ஓட்டுங்க. வெளியூர் போனா பத்தாம் நம்பர் ஸ்பானர் எடுத்து நெகட்டிவ் டெர்மினலைக் கழட்டிடுங்க. ஹேண்ட் பிரேக் போட்டு மாசக்கணக்குல விடாதீங்க, பிடிச்சிக்கும். கியர்ல போட்டு டயருக்குக் கல்லு வெச்சிருங்க."

அன்றிலிருந்து ஞாயிறு காலை ஆறு மணிக்குப் பாட்டரிக்கு சார்ஜ் ஏற்றக் கிளம்புகிறேன். முதல் வாரம் தனியாகப் போனேன். இரண்டாவது வாரம், "எங்கேயோ போறீங்க, நானும் வரேனே" என்று மனைவி. மூன்றாவது வாரம் அம்மா. பள்ளிக்கரணை தாண்டி, ஓ.எம்.ஆரில் கொஞ்ச தூரம், வழியில் டிபன், காபி. அரை மணி நேர சார்ஜ் இரண்டு மணி நேரம் ஆகிறது. பேரேட்டில் 'பாட்டரி பராமரிப்பு' என்ற தலைப்பில் பொங்கல், வடை எல்லாம் ஏறிக்கொண்டிருக்கிறது.

போன மாதம் பழைய கார் வாங்குகிற ஆசாமி ஒருவர் வந்து, சுற்றிச் சுற்றிப் பார்த்து, மூன்று லட்சத்து அறுபதாயிரம் என்றார். நல்ல விலை. மனைவி தலையாட்டினாள். நானும் கிட்டத்தட்ட ஆட்டிவிட்டேன். அதற்கு மேல் ராத்திரிக்கு 108 இருக்கிறது, பகலுக்கு டாக்ஸி இருக்கிறது என்று அம்மாவிடம் கணக்கை விளக்கினேன். அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். அவள் அந்த மழைக்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை தவிர வாசல்படி இறங்கவில்லை. டாக்ஸியில் யாராவது வடை சாப்பிடக் கூட்டிப் போவார்களா என்ன?

"வித்துக்கோடா, உன் சௌகரியம்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "ஏண்டா, மகாபலிபுரம் வரைக்கும் போயிட்டு வந்தா பாட்டரிக்கு இன்னும் நல்லதாமே?" என்று கேட்டாள்.

யார் சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. ஆசாமிக்கு போன் பண்ணி, தீபாவளி கழித்துப் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.