இல்லாத கை வலிக்குமா?

காலை நேரத்தில் அம்பாங்கிலிருந்து கோலாலம்பூருக்குப் போகும் சாலையைப் பாருங்கள். நின்றுபோன கார்களின் இடைவெளிகளில் மோட்டார் சைக்கிள்கள் புகுந்து செல்லும். நம் நாட்டுச் சாலை விபத்துகளில் இறப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் செல்பவர்கள்தாம். உயிர் தப்பியவர்களில் சிலருக்கு, தோள் அடிபட விழுந்த வேகத்தில், கைக்குப் போகும் நரம்புகள் முதுகுத்தண்டிலிருந்து பிய்ந்துவிடும். கை இருக்கும், ஆனால் அசையாது.

அப்படிப்பட்ட ஒருவரின் கதை, டாக்டர் வி. எஸ். ராமச்சந்திரன் 1998-இல் சாண்ட்ரா பிளேக்ஸ்லீயுடன் சேர்ந்து எழுதிய 'ஃபேண்டம்ஸ் இன் த பிரெய்ன்' என்ற நூலில் வருகிறது. செயலிழந்த கையைக் கழுத்தில் தொங்கவிட்டபடி ஓராண்டு இருந்தார் அவர். பிறகு கையை அகற்றினார்கள். ஆனால் கை 'போகவில்லை'. முன்பு இருந்த அதே நிலையில், விறைத்து, அசைக்க முடியாமல், வலியோடு அங்கேயே இருப்பதாக உணர்ந்தார். ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, பத்து ஆண்டுகள்!

எல்லாம் மனப்பிரமை என்று சொல்லி அனுப்பிவிடுவது எளிது. ராமச்சந்திரன் அப்படிச் செய்யவில்லை. 1951-இல் பிறந்த தமிழர் இவர். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியிலும் கேம்பிரிட்ஜிலும் படித்து, சான் டியாகோவில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானவர். நோயாளி சொல்வதை அப்படியே நம்பி, அதற்குக் காரணம் தேடுவது அவர் வழக்கம்.

அவர் செய்த கருவி ஒரு பெட்டி. நடுவே செங்குத்தாக ஒரு கண்ணாடி. அவ்வளவுதான். நல்ல கையைக் கண்ணாடிக்கு முன்னே வைத்தால், இழந்த கை இருக்க வேண்டிய இடத்தில் அதன் பிம்பம் தெரியும். நோயாளி இரு கைகளையும் அசைப்பதாக எண்ணிக்கொண்டு நல்ல கையை அசைத்தார். பத்து ஆண்டுகளாக விறைத்திருந்த கை அசைவதாக உணர்ந்தார்! கண்ணை மூடியதும் மறுபடியும் விறைத்துவிட்டது. பெட்டியை வீட்டுக்கு எடுத்துச் சென்று சில வாரங்கள் பழகினார். அந்த மாயக் கையின் பெரும்பகுதியும், முழங்கை வலியும் மறைந்தன.

ஏன் இப்படி? மூளை "அசை" என்று கட்டளையிடும். கண்ணும் தசையும் "அசைந்தது" என்று பதில் அனுப்பும். செயலிழந்த கையிலிருந்து "அசையவில்லை" என்றே ஓராண்டு பதில் வந்தது. மூளை அதையே பாடமாகக் கற்றுக்கொண்டது என்கிறார் ராமச்சந்திரன். கண்ணாடி வேறொரு பதிலைக் கொடுத்தது.

கையிழந்த இன்னொருவரின் கன்னத்தைப் பஞ்சுக் குச்சியால் தொட்டபோது, இல்லாத விரல்களைத் தொடுவது போல அவருக்குத் தெரிந்தது. மூளையில் உடலின் வரைபடம் ஒன்று உண்டு. அதில் கைக்குப் பக்கத்தில்தான் முகம் இருக்கிறது. காலியான கையின் இடத்துக்குள் முகம் பரவிவிட்டது என்று அவர் விளக்கினார். கேட்க அழகான விளக்கம். ஆனால் இன்று அது கடும் சர்ச்சையில் இருக்கிறது. கை அகற்றப்படுவதற்கு முன்பும் பின்பும் மூவரின் மூளையைப் படம் பிடித்த ஓர் ஆய்வு 2025-இல் வெளிவந்தது. கையின் வரைபடம் ஏறத்தாழ மாறாமலே இருந்தது! கன்னத்தில் தொட்டது விரலில் தெரிந்தது உண்மை. காரணம்தான் இன்னும் தீரவில்லை.

கண்ணாடி உண்மையில் வலியைக் குறைக்கிறதா? 2007-இல் அமெரிக்காவில் கால் இழந்த ராணுவத்தினரிடம் சோதித்தார்கள். கண்ணாடி பார்த்த 6 பேருக்கும் நான்கு வாரத்தில் வலி குறைந்தது. மூடிய கண்ணாடி வைத்துப் பழகிய 6 பேரில் ஒருவருக்கு மட்டுமே குறைந்தது. சிறிய ஆய்வுதான். எல்லாருக்கும் இது பலிப்பதில்லை என்பதும் பிறகு தெரிந்தது. ஆனாலும் மலிவான, மாத்திரை தேவைப்படாத முறை என்பதால் இன்றும் பல நாடுகளில் பயன்படுத்துகிறார்கள்.

நீங்களும் முயலலாம். ஒரு கண்ணாடியை மேசைமேல் செங்குத்தாக நிறுத்தி, இடக் கையை அதன் பின்னால் மறைத்துவிடுங்கள். வலக் கையின் பிம்பத்தைப் பார்த்தபடி, இரு கைகளின் விரல்களையும் ஒரே மாதிரி ஒரு நிமிடம் அசையுங்கள். பிறகு இடக் கையை மட்டும் சட்டென்று நிறுத்திப் பாருங்கள்.